தண்ணீருக்கு அஞ்சிய பிணங்கள்!

சடையங்குப்பத்து ஜனங்களுக்குத் தண்ணீர் என்றால் பயம். மணலிக்கும் எண்ணூருக்கும் இடையே, கொசஸ்தலையாற்றை ஒட்டிய ஊர் அது. 2021 நவம்பரில் பூண்டி ஏரியைத் திறந்தபோது ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெயும் மிதந்து வந்து, எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது.

அதே தண்ணீரை உயிர் காக்கும் தெய்வமாகக் காட்டிய தமிழ்ப் படம் ஒன்று உண்டு. 2016 பிப்ரவரி 19-ந் தேதி வெளிவந்த 'மிருதன்'தான் அது!

ஊட்டியில் ஓர் ஆராய்ச்சிக் கூடம். அங்கே சிந்திய ரசாயனத்தை ஒரு நாய் நக்குகிறது, காவலாளியைக் கடிக்கிறது. அவ்வளவுதான், ஊரெங்கும் நடைப்பிணங்கள்! போக்குவரத்துப் போலீஸ்காரரான 'ஜெயம்' ரவி, டாக்டர்களைக் கோவைக்கு அழைத்துப் போகவேண்டும். பிணங்களோ தண்ணீரைக் கண்டால் நடுங்குகின்றன. மனிதர் கையில் மிஞ்சிய துருப்புச் சீட்டு அதுதான்.

2013-ல் ஹாலிவுட்டில் இதே ரகமான 'வேர்ல்ட் வார் இசட்' படத்துக்கு ஏறத்தாழ 19 கோடி டாலர் செலவழித்தார்கள். அந்தப் பணத்தில் கோடம்பாக்கத்தில் எத்தனை படம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்! டைரக்டர் சக்தி சௌந்தர் ராஜனுக்கு மலைப்பாதையும், துப்பாக்கியும், முகத்தில் பூசும் சாயமும்தான் மூலதனம்.

தமிழுக்குப் புதுசு என்று விமர்சகர்கள் தட்டிக்கொடுத்தார்கள். கதையில் ஓட்டை, நடுவே காதல் எதற்கு என்று குட்டவும் குட்டினார்கள். குட்டு நியாயமானதே. ஆனாலும் ரசிகர்கள் கைவிடவில்லை. 2018-ல் அதே டைரக்டரும் நடிகரும் 'டிக் டிக் டிக்' படத்தில் விண்வெளிக்கே போய்விட்டார்கள்!

வேடிக்கை என்னவென்றால், 'மிருதன்' வந்த ஐந்தாம் மாதம் கொரியாவிலிருந்து 'டிரெய்ன் டு பூசன்' புறப்பட்டது. செலவு ஏறத்தாழ 85 லட்சம் டாலர். அந்நாட்டில் மட்டும் 1 கோடியே 10 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது, விமர்சகர்களும் கொண்டாடினார்கள்.

அங்கேயும் ரசாயனக் கசிவுதான் விதை. ஆனால் கசிந்த கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது தன் தொழில்தான் என்று கதாநாயகனுக்கே தெரிய வருகிறது. கையில் படிந்த ரத்தத்தைக் கழுவிக்கொண்டே அழுகிறான். 'மிருதன்' அந்த இடத்தில் நிற்கவில்லை. கசிவைக் காட்டிவிட்டுத் துப்பாக்கிக்குத் தாவிவிட்டது.

சிந்தியது யார்? 2023-ல் வடசென்னை கேட்டதும் இதைத்தான். எண்ணூர் எண்ணெய் வழக்கை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே எடுத்து விசாரித்தது.