ஒரே மரபணு, இரண்டு முடிவு

பெர்லினில் சிகிச்சை பெற்ற டிமோதி ரே பிரவுனின் கதை வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் இருந்தவர். 2007இல் மருத்துவர் கேரோ ஹ்யூட்டர் தேடிப்பிடித்த கொடையாளியின் ஸ்டெம் செல்கள் அவருக்குச் செலுத்தப்பட்டன. மாத்திரையை நிறுத்தியும் 2020இல் இறக்கும்வரை வைரஸ் திரும்பவில்லை.

வைரஸ் நம் வெள்ளணுவுக்குள் நுழைய சிடி4 புரதம் மட்டும் போதாது. துணைக்கு இன்னொன்று வேண்டும். பெரும்பாலான ரகங்களுக்கு அது சிசிஆர்5. அதற்கான மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட பிரதி தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் அந்தப் புரதம் அணுவின் மேல் இருக்காது. அந்தக் கொடையாளி அப்படிப்பட்டவர். வட ஐரோப்பியரில் சுமார் நூற்றுக்கு ஒருவர் அப்படி. நம் நாட்டில் மிக மிக அரிது.

எச்.ஐ.வி. ஆலோசகரான என்னிடம், கணவருக்குத் தொற்று இருந்தும் தனக்கு இல்லாத பெண்கள், "என் ரத்தத்துலயே எதிர்ப்பு இருக்கு போல மேடம்" என்பார்கள். அந்தத் தைரியம்தான் எனக்குப் பயம். அவர்களுக்கு எஸ்ஸன் நகர நோயாளியைச் சொல்வேன். அதே ஜெர்மனி, அதே வகைக் கொடையாளி. ஆனால் சில வாரங்களில் வைரஸ் திரும்பிவிட்டது. சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறு புரதம் வழியாக நுழையும் ரகம் அவர் உடலில் முன்பே கொஞ்சம் இருந்தது. உங்களைக் காப்பது உங்கள் மரபணு என்று நம்பாதீர்கள். கணவர் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, வைரல் லோடு கண்டறிய முடியாத அளவிலேயே நீடித்தால் உடலுறவு மூலம் தொற்றாது, அதைப் பாருங்கள் என்பேன்.

தொற்றிய பிறகும் மரபணுவுக்கு வேலை உண்டு. எச்.எல்.ஏ. மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள் வைரஸின் துண்டுகளை அணுவின் மேல் எடுத்துக்காட்டி, கொல்லும் அணுக்களை வரவழைக்கின்றன. பி57, பி27 வகைகள் காட்டுவது வைரஸ் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத பகுதிகளை. அதனால் அவை உள்ள சிலருக்கு மருந்தின்றியே பல ஆண்டுகள் நோய் முற்றுவதில்லை.

ஜப்பானில் பி51 வகை பரவலாக உண்டு. 1980களில் தொற்றுக்கு ஆளானவர்களை அது ஓரளவு காத்தது. பி51 கண்டுகொள்ளாதபடி மாறிய வைரஸே பின்னர் அங்கு பரவியது. பிறகு தொற்றியவர்களுக்கு, பி51 இருந்தும் அந்தப் பயன் கிடைக்கவில்லை.