செம்பாறைப் போரும் பார்வையாளர் தீர்ப்பும்

இயக்குநர் ஜோன் வூவின் 'ரெட் கிளிஃப்' (செம்பாறை) என்னும் சீன வரலாற்றுப் போர்த் திரைப்படம் 2008ஆம் ஆண்டு யூலை மாதம் சீனாவில் திரையிடப்பட்டபோது அரங்குகள் நிரம்பி வழிந்தன. அதே அரங்குகளில், சரித்திர காவியமொன்றில் எவரும் எதிர்பாராத இடங்களிற் சிரிப்பொலியும் எழுந்தது. ஆவலோடு நுழைவுச்சீட்டு வாங்கியவர்களிற் பலர் வெளியே வந்ததும் படத்தைக் கடிந்துகொண்டனர். இந்த முரண்பாட்டின் காரணங்களை ஆராய்வது சீனருக்கு மாத்திரம் உரிய வேலையன்று. சோழத் தளபதி ஒருவனின் பெயரைத் தாங்கி நிற்கும் தொண்டைமானாற்றில் இருந்துகொண்டு நோக்கும்போது, இவ்விவாதத்தில் நமக்கும் பங்குண்டு என்பது புலப்படும்.

முதலிற் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கி.பி. 208ஆம் ஆண்டின் குளிர்காலம். ஹான் பேரரசு தளர்ந்திருந்தது. பேரரசனைத் தன் பிடிக்குள் வைத்திருந்த சாவ் சாவ், வடசீனத்தை அடக்கிய பின்னர் யாங்சி ஆற்றை நோக்கிப் பெரும்படையுடன் இறங்கினான். தெற்கே சுன் சுவானும், அவனிடம் துணை தேடிய லியூ பெய்யும் கைகோத்தனர். சுன் சுவானின் தளபதி ஜோ யூ முன்னின்று நடத்திய, ஏறத்தாழ 50 ஆயிரம் பேரைக் கொண்ட கூட்டுப்படை செம்பாறை என்னுமிடத்தில் தீக்கப்பல்களை ஏவி வடவரின் மரக்கலங்களை எரித்தது. தன்னிடம் 8 இலட்சம் வீரர்கள் உள்ளதாகச் சாவ் சாவ் பறைசாற்றியிருந்தான். ஜோ யூவின் கணிப்போ அதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. சீனம் பின்னர் மூன்று இராச்சியங்களாகப் பிரிந்து நின்றமைக்கு இப்போரே அடிகோலியது.

சீனருக்கு இது பாடநூல் வரலாறு மட்டுமன்று. 14ஆம் நூற்றாண்டினரான லுவோ குவான்சோங் இயற்றியதாகக் கொள்ளப்படும் 'மூன்று இராச்சியங்கள்' நாவல், மரபு நாடக மேடை, 1994இல் அந்நாட்டு அரச தொலைக்காட்சி 84 பாகங்களாக ஒளிபரப்பிய தொடர் ஆகியவற்றின் வழியே அது வீட்டுக்கதையாகவே ஆகிவிட்டது. நம்மவருக்குப் பாரதக்கதை எவ்வாறோ அவர்களுக்கு இது அவ்வாறு. நாடக மேடையிற் சாவ் சாவ் வெள்ளை பூசிய முகத்தோடு வருவான். அது வஞ்சகத்தின் நிறம். குவான் யூ சிவப்பு முகத்தோடு வருவான். அது விசுவாசத்தின் நிறம். நிறங்கள் கூட முன்னரே தீர்மானமாகிவிட்ட கதையைத் திரையிற் சொல்லப் புகுந்தவர் தப்பிப்பது எளிதன்று.

ஆகவேதான் குதிரைக்குட்டியொன்று பிறக்கும் காட்சியும், அதனை எழுந்து நிற்குமாறு ஜோ யூவின் மனைவி சியாவ் சியாவ் கொஞ்சும் வசனமும் கேலிப்பொருளாயின. அந்தப் பெண்ணின் மீதுள்ள ஆசையும் சாவ் சாவ்வின் படையெடுப்புக்குக் காரணம் எனப் படம் காட்டியமை பலருக்குச் சினமூட்டியது. ஆனால் அந்த எண்ணத்தின் வித்து நாவலிலேயே இருக்கிறது. ஜோ யூவைச் சீண்டிப் போருக்கு இழுப்பதற்காக அறிஞன் ஜூகே லியாங் அங்கே அதை ஓர் உபாயமாகக் கையாளுகிறான். இன்னொன்றையும் நோக்குக. வைக்கோல் போர்த்திய படகுகளை மூடுபனியில் அனுப்பி, எதிரியின் அம்புகளையே ஓர் இலட்சம் வரையிற் கவர்ந்துவரும் காட்சியைக் குறைகூறியோர் அரிது. வரலாற்று ஏடுகளின்படி செம்பாறையில் அப்படி எதுவும் நிகழவில்லை. சில ஆண்டுகளின் பின் வேறோரிடத்தில், ஒரு பக்கம் அம்புகள் தைத்துச் சாய்ந்த தன் கப்பலைச் சுன் சுவான் திருப்பி மறுபக்கத்தையும் அம்புகளுக்குக் காட்டிச் சமன் செய்தான் என்ற குறிப்பே இதற்கு மிக நெருங்கியது. எனவே 'வரலாறு திரிக்கப்பட்டது' என்ற முறைப்பாட்டின் பெரும்பகுதி, உண்மையில் நாவல் திரிக்கப்பட்டது என்பதே. 2022இலும் 2023இலும் 'பொன்னியின் செல்வன்' இரு பாகங்களாக வெளிவந்தபோது நம்மிடையே எழுந்த வாதங்களும் இதே வகையின. சோழர் கல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாதிட்டோரை விடக் கல்கியின் அத்தியாயங்களை வைத்துக்கொண்டு வாதிட்டோரே அதிகம்.

மேலைநாட்டு இரசிகர்களின் கருத்தில் நாம் அதிகம் தங்கத் தேவையில்லை. நாலரை மணித்தியாலத்துக்கும் மேலான இரு பாகங்களை இரண்டரை மணித்தியாலமாகச் சுருக்கி அவர்களுக்குக் கொடுத்தனர். நாவலின் சுமை அவர்களுக்கு இல்லை. வியூகங்களையும் எரியும் கப்பல்களையும் கண்டு வியந்தனர்.

ஆனால் படத்தின் இறுதியில் ஜோ யூ சொல்லும் கருத்தொன்று உண்டு. இப்போரில் வென்றவர் எவருமில்லை என்பது அதன் சாரம். தோற்ற சாவ் சாவ்வைக் கொல்லாது போகவிடுகிறான். இதை உன்னதமான முடிவு எனக் கொண்டாடியோரும், வெறும் போலி வார்த்தை எனத் தள்ளியோரும் இருந்தனர். நாம் இரண்டாமவர் பக்கமே சாய்கிறோம். மணிக்கணக்கிற் போரை அழகாகக் காட்டிவிட்டு ஒற்றை வசனத்தால் அதனைக் கழுவிவிட இயலாது.

இந்த இடத்திற் பழைய ஏடுகள் படத்தை விட நேர்மையாக இருக்கின்றன. வடவரின் படையில் நோய் பரவியிருந்தது. பழக்கமில்லாத மண், பழக்கமில்லாத நீர், நெருக்கமான கப்பல்கள். பிற்காலத்திற் சாவ் சாவ் எழுதியதாகக் காக்கப்பட்டுள்ள கடிதமொன்றில், நோய் கண்டமையாலே தானே கப்பல்களை எரித்துவிட்டுத் திரும்பியதாகவும் ஜோ யூவுக்கு வீணாகப் புகழ் சேர்ந்ததாகவும் கூறப்படுகிறது. தோற்றவனின் சமாதானம் என்று இதனை ஒதுக்கலாம். எனினும் நோய் பரவியமையை வென்றவர் தரப்பு ஏடும் மறுக்கவில்லை. படமோ என்ன செய்கிறது? நோயில் இறந்த தன் வீரர்களின் சடலங்களைச் சாவ் சாவ் எதிரியின் கரைக்கு மிதக்கவிட்டு அங்கும் நோயைப் பரப்புவதாகக் காட்டுகிறது. அவனது படையை வீழ்த்திய துயரம் அவனது சூழ்ச்சிக் கருவியாக மாற்றப்படுகிறது. 1987ஆம் ஆண்டின் வடமராட்சி இராணுவ நடவடிக்கையையும், 1995இல் வலிகாமம் பெயர்ந்து வந்ததையும் நினைவில் வைத்திருப்போருக்கு, போர்க்காலத்திற் காய்ச்சலும் வயிற்றோட்டமும் எவ்வாறு வருகின்றன என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கூட்டம் கூடிய இடத்திற் கிணறும் மலசலகூடமும் போதாமற் போனாலே போதும். குதிரைக்குட்டியைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தில் இம்மாற்றத்தைப் பற்றிக் கேட்டோர் மிகச் சிலரே என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

வென்றவரின் கதை என்ற இவ்விடயம் நமது வாசலிலேயே நிற்கிறது. தொண்டைமானாறு என்ற பெயர் கருணாகரத் தொண்டைமானாலே வந்தது என்பது யாழ்ப்பாண மரபு. முதலாம் குலோத்துங்கனின் தளபதியாகக் கலிங்கத்தை வென்றவன் அவன். செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியின் படைத்தலைவன். ஆயினும் இங்குள்ளோர் அவனைப் போரால் நினைவுகூர்வதில்லை. கரணவாய், வெள்ளப்பரவை உப்பைக் கலங்களில் ஏற்றுவதற்காகக் கடற்கழியை வெட்டி ஆழமாக்கியவன் என்றே சொல்கின்றனர். உரும்பிராயிலுள்ள கருணாகரப் பிள்ளையார் கோயிலையும் அவனோடு தொடர்புபடுத்துவர்.

பரணி இலக்கியத்திற் கவனிக்கத்தக்க மரபொன்று உண்டு. அந்நூல் வென்றவனைப் பாடும். பெயரோ தோற்றவர் பெயராலேயே வழங்கும். சோழர் பரணி என்று எவரும் சொல்வதில்லை, கலிங்கத்துப்பரணி என்றே சொல்கிறோம். தப்பியோடும் கலிங்க வீரர்கள் சமணத் துறவியராகவும் அந்தணராகவும் பாணராகவும் வேடமிட்டு உயிர் பிழைக்க முயல்வதை அந்நூல் பாடுகிறது. புலவர் அதை நகைப்புக்காகவே வைத்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆடையை மாற்றி, ஆளை மாற்றிச் சோதனைச் சாவடிகளைக் கடந்த தலைமுறையொன்று அதே பகுதியைப் படிக்கும்போது சிரிப்பு வராது. களத்திலே பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து உண்ணும் பகுதியும் அப்படியே. பாடியவர் நோக்கம் ஒன்று, கேட்பவர் அனுபவம் வேறொன்று. கர்ணன் வீழும் இடத்திற் கூத்துக் களரியிலும் திரையரங்கிலும் நம்மவர் கண்ணீர் விடுவதும், வென்ற அருச்சுனனைக் கொண்டாட மறப்பதும் இதனாலேதான்.

இதே அளவுகோலைச் சீனப் படங்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். 2002இல் சாங் யீமோ இயக்கிய 'ஹீரோ' படத்தில், சின் மன்னனைக் கொல்ல வந்தவன் 'வானத்தின் கீழுள்ள அனைத்தும்' ஒன்றாக வேண்டும் என்பதற்காகக் கொலையைக் கைவிட்டு உயிர் துறக்கிறான். அமெரிக்காவில் 2004இல் வெளியானபோது அச்சொல்லை 'எங்கள் நாடு' என மொழிபெயர்த்தமை தனி விவாதமாயிற்று. காட்சியழகைப் புகழ்ந்தவர்களிற் பலரும், விழுங்கப்பட்ட ஆறு நாடுகளின் மக்களுக்கு இதில் என்ன ஆறுதல் என்று வினவினர். நியாயமான வினா. 2009இல் லூ சுவான் இயக்கிய நான்ஜிங் படுகொலை பற்றிய படம் மறுதிசையிலிருந்து எதிர்ப்பைச் சந்தித்தது. யப்பானியப் படைவீரன் ஒருவனுக்கு மனச்சாட்சி இருப்பதாகக் காட்டியமையைச் சீனப் பார்வையாளரிற் பலராற் பொறுக்க முடியவில்லை. காயம் அண்மையதாயின் எதிரிக்கு முகம் கொடுப்பது அவ்வளவு கடினம். 1,800 ஆண்டுகள் கடந்த செம்பாறையில் அது எளிதாயிருந்திருக்க வேண்டும்.

ஓரிடத்தில் ஜோன் வூ அதைச் செய்தும் இருக்கிறார். ஆண் வேடத்தில் எதிரிப் பாசறைக்குள் உளவு பார்க்கப் போகும் சுன் சுவானின் தங்கை, அங்கே பந்து விளையாட்டில் வல்ல எளிய வீரன் ஒருவனோடு நட்புக் கொள்கிறாள். சூதறியாத அந்த இளைஞன் அவளைத் தோழனாகவே நம்புகிறான். இறுதிப் போரில் அவளைக் கண்டு நெருங்கி வருகையிலே அவள் கண்முன்னே வீழ்கிறான். படத்திலே நமக்கு உண்மையாகப் பட்டது இந்தச் சிறு கிளைக்கதைதான். பெருந்தலைவர்களின் வீணையிசையையும் தேநீர்க் கோப்பையையும் விட அது நெடுநேரம் மனத்தில் நிற்கிறது. இனிப் பார்க்க விரும்புவோர் சுருக்கிய வடிவத்தை விடுத்து இரு பாகங்களையும் தேடிப் பார்ப்பது நன்று. அந்த இளைஞன் வருவது இரண்டாம் பாகத்திலே.