டக் பிரிக்கும் பை

கரூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். காலையில் காபி குடித்துவிட்டு பஸ் ஏறினால் பாதி வழியிலேயே முட்டிக்கொண்டு வருகிறதாம். காபியை விட்டுவிடட்டுமா என்று கேட்கிறார்.

காபி குடித்தால் ஒண்ணுக்கு வரும் என்பது ஊரறிந்த சங்கதி. ஆனால் அதற்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. காஃபின் சிறுநீரகத்தைத் தூண்டிக் கூடுதலாக நீர் பிரிக்க வைக்கிறது. தினமும் குடிப்பவர்களுக்கு இது பழகிப்போய் மட்டுப்படும். இன்னொன்று, சிறுநீர்ப்பையின் தசையைக் கிளறிவிடுவது. பை பாதி நிறைவதற்குள் அவசரம் காட்டுவது இதனால்தான். டீயும் கோலாவும் அதே கட்சி. வாசகி காபியை அடியோடு விட வேண்டாம், அளவைப் பாதியாக்கிப் பார்க்கட்டும். சட்டென்று நிறுத்தினால் தலைவலி வந்து என்னைத்தான் திட்டுவார். மதுவின் வழி வேறு. உடம்பில் நீரைத் தக்கவைக்கும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனை அது அடக்கிவிடுகிறது. காரம், புளிப்பு, செயற்கை இனிப்பு எல்லாம் சிலருக்கு எரிச்சல் தரும், பலருக்கு ஒன்றும் செய்யாது.

என்னை மயக்குவது அந்தப் பையின் உள்சுவர்.

பெரியவர்களின் பை 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும். அதன் உட்பரப்பில் குடை செல்கள் என்று ஓர் அடுக்கு உண்டு. யூரோபிளாக்கின் என்ற புரதங்கள் அந்தச் செல்களின் மேலுறையில் தகடு தகடாகப் பதிந்து, கழிவு மறுபடி இரத்தத்துக்குள் கசியாமல் காக்கின்றன. தகடு என்றால் விறைப்பானது, இழுத்தால் நீளாது. அப்படியானால் பை எப்படி விரிகிறது? செல் தன் உறையின் மிச்சத்தைக் குட்டிக் குட்டிப் பைகளாக உள்ளே சேமித்து வைத்திருக்கிறது. சிறுநீர் சேரச் சேர அவை மேலே வந்து உறையோடு இணைந்து பரப்பைக் கூட்டிக்கொள்கின்றன. என் அக்காவின் பட்டுப்பாவாடையில் அம்மா இரண்டு மூன்று டக் பிடித்துத் தைப்பாள். அக்கா வளர வளர, தீபாவளிக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவாள். பாவாடையில் பிரித்தது பிரித்ததுதான். இந்தச் செல்லோ ஒவ்வொரு முறை பை காலியானதும் மிச்ச உறையை உள்ளே இழுத்துக்கொண்டு அடுத்த முறைக்குத் தயாராகிவிடுகிறது. தினமும் ஆறேழு தடவை, நம்மைக் கேட்காமலேயே.

இந்த ஏற்பாட்டைத் திருடனும் தெரிந்து வைத்திருக்கிறான். நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலி பாக்டீரியா. அதன் உடம்பில் உள்ள நுண்ணிழைகள் அதே யூரோபிளாக்கினைப் பற்றிக்கொள்கின்றன. எலிகளில் ஆராய்ந்தபோது, அது உறைச் சேமிப்புப் பைகளுக்குள்ளேயே புகுந்து பதுங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். பதுங்கும் முன் அதை அடித்துக்கொண்டு போக நம்மிடம் இருப்பது சிறுநீரின் ஓட்டம். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை கடுப்பு வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. பாட்டிமார் கொடுத்த பார்லித் தண்ணீரிலும் வேலை செய்தது பார்லியைவிடத் தண்ணீர்தான் என்பது என் கட்சி. மருந்துக்கடையில் விற்கும் கிரான்பெர்ரி, அடிக்கடி கடுப்பு வரும் பெண்களுக்கு அது திரும்ப வராமலிருக்க ஓரளவு உதவும், வந்துவிட்டதை ஆற்றாது. காய்ச்சலோ இரத்தமோ கண்டால் டாக்டரிடம்தான் போக வேண்டும். சிறுநீரகம், இதயம் பழுதானவர்கள் தண்ணீரின் அளவையும் அவரிடமே கேட்க வேண்டும்.

தண்ணீர் குடியுங்கள் என்று எழுதுவது எனக்குச் சுலபம். ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை புடவை விரித்துப் போடும் பெண் அதைப் படித்துவிட்டு என்ன செய்வாள்? கழிப்பறை வேறு மாடியில் இருக்கும். கூட்ட நேரத்தில் கவுன்ட்டரை விட்டுப் போனால் சூப்பர்வைசர் முறைப்பார். அவள் கண்டுபிடித்த வழி, தண்ணீரையே குடிக்காமலிருப்பது. இடையில் களைப்புக்கு இரண்டு வேளை கெட்டி டீ மட்டும். சிறுநீர்ப்பைக்கு இதைவிட மோசமான சாப்பாட்டு முறையை யோசித்தும் கண்டுபிடிக்க முடியாது: நீர் குறைந்து சிறுநீர் அடர்த்தியாகி எரிக்கும், டீயின் காஃபின் தசையைக் கிளறும், மணிக்கணக்கில் அடக்கி வைப்பதால் கிருமிக்கும் அவகாசம் கிடைக்கும். பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் பயந்து பாட்டில் தண்ணீரை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவரும் பெண் குழந்தைகளின் கதையும் இதுதான்.

2021-இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. நல்ல காரியம். அடுத்ததாக ஒவ்வொரு தளத்திலும் ஒரு தண்ணீர்க் கேனும், பூட்டாத ஒரு கழிப்பறையும், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை யாரையும் கேட்காமல் போய்வர ஐந்து நிமிடமும் வேண்டும்.