முட்டைக்கும் இறைச்சிக்கும் ஒரே கோழி: புறக்கடை வளர்ப்புக்கு எந்த இனம் ஏற்றது?

திருவனந்தபுரம்: வீட்டுத் தோட்டத்தில் திறந்துவிட்டு வளர்ப்பதற்காகக் கோழி வாங்குவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, ஆண்டுக்கு எத்தனை முட்டை இடும் என்பதையே. பெரிய எண்ணிக்கையை நம்பி வாங்கிய கோழிகள் சில மாதங்களில் நாய்க்கும் கீரிக்கும் இரையாவதும், எஞ்சியவை முட்டையிட்டு ஓய்ந்தபின் அடுத்த தலைமுறை இன்றிக் கூடு வெறுமையாவதும் அரிதல்ல.

முட்டை, இறைச்சி ஆகிய இரண்டுக்கும் உதவும் இருபயன் இனங்களில் எல்லாச் சிறப்பும் ஒருங்கே அமைவதில்லை. உடல் எடை கூடினால் முட்டை குறையும். முட்டைக்காகவே தேர்ந்து பெருக்கப்பட்ட இனங்களில் அடைகாக்கும் இயல்பு ஏறத்தாழ மறைந்துவிடும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

திருவனந்தபுரம் வட்டாரத்துக்கு இதில் தனிச் சிறப்பு உண்டு. கழுத்தில் இறகில்லாத மொட்டைக் கழுத்துக் கோழியின் இந்தியத் தாயகமாக இப்பகுதியே கருதப்படுகிறது. இறகு குறைவாக இருப்பதால் உடல் வெப்பம் எளிதில் வெளியேறுகிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடலோர வானிலையில் இது சிறிய அனுகூலமன்று. இருபது வார வயதில் சுமார் 1 கிலோ எடை இருக்கும். ஆண்டு முட்டை உற்பத்தி சுமார் 99. உத்தரப் பிரதேசத்தின் இஜ்ஜத்நகரில் உள்ள மத்திய பறவைகள் ஆராய்ச்சி நிறுவனம், இவ்வினத்தைக் கலந்து 'ஹிட்காரி' என்னும் புறக்கடைக் கோழியை உருவாக்கியுள்ளது.

மேம்படுத்தப்பட்ட இனங்களில், திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் உருவான கிராமலட்சுமி கேரளத்தில் நன்கு அறியப்பட்டது. ஆஸ்திரலார்ப் சேவலையும் வெள்ளை லெகார்ன் பெட்டையையும் இணைத்துப் பெறப்பட்ட இக்கோழி ஆண்டுக்கு 180 முதல் 200 முட்டை வரை இடும். ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்குநரகத்தின் வனராஜா இறைச்சிக்குச் சிறந்தது. ஆனால் முட்டை 100 முதல் 110 வரையே. அதே இயக்குநரகத்தின் கிராமப்பிரியா புறக்கடையில் 160 முதல் 180 முட்டை தரும். அதன் பெட்டை உடல் இலகுவானது. பருந்தோ நாயோ துரத்தினால் விரைந்து தப்பும். வனராஜாவுக்குத் தீவனத்தை அளவின்றிக் கொடுத்தால் கொழுப்பு ஏறி, முட்டை மேலும் குறையும். சுற்றுச்சுவர் இல்லாத தோட்டத்தில் கனத்த கோழியை விடுவது, கணக்குப் பார்த்தால், நட்டமே.

ஆண்டுக்கு 300 முட்டை எனச் சொல்லி விற்கப்படும் பிவி 380 போன்ற வணிக ரகங்கள் கூண்டுக்கும் முழுத் தீவனத்துக்கும் உரியவை. புழுவையும் புல்லையும் கிளறித் தின்று அதே அளவு முட்டையிடும் என எதிர்பார்ப்பது வீண்.

அடைகாத்தல்தான் பலர் கவனிக்கத் தவறும் இடம். கிராமலட்சுமி, கிராமப்பிரியா போன்றவை பொதுவாக அடைக்கு அமர்வதில்லை. அவற்றின் முட்டையை நாட்டுக்கோழியின் அடியில் வைத்துப் பொரிக்கலாம். ஆயினும் அவை கலப்பினம் என்பதால், அக்குஞ்சுகள் தாயின் அளவுக்கு முட்டையிடும் என்ற உறுதியில்லை. எனவே ஒவ்வொரு சுழற்சிக்கும் பண்ணையிலிருந்து புதிய குஞ்சு வாங்க நேரும். ஐந்து முதல் பத்து சென்ட் நிலம் உள்ளவர்கள், முட்டைக்கு நான்கைந்து கிராமப்பிரியாவும் குஞ்சு பொரிக்க ஓரிரு நாட்டுப் பெட்டைகளும் சேர்த்து வைத்துக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது. பொரிக்க வேண்டுமெனில் எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

திருவனந்தபுரம் குடப்பனக்குன்னில் அரசின் மண்டலக் கோழிப் பண்ணை இயங்குகிறது. முதன்முறையாக வளர்ப்போர், செயற்கை வெப்பம் தேவைப்படும் ஒருநாள் குஞ்சைவிட, ஆறு வாரம் கடந்த குஞ்சை வாங்குவது பாதுகாப்பானது.

எந்த இனமானாலும் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்கு விலக்கில்லை. முதல் வாரத்தில் கண் அல்லது மூக்குச் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் போட்டிருக்கிறார்களா என்பதை விற்பவரிடம் கேட்டறிய வேண்டும். சூன், சூலை மழைக்காலத்தில் ஈரத் தரையால் இளங்குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் எளிதில் பரவும் என்பதால், மழை ஓய்ந்தபின் குஞ்சு வாங்குவது நல்லது.