நெஞ்சொலிகளும் தமிழ்ப் பெயர்களும்: மானிப்பாய் மருத்துவ மரபை முன்வைத்து ஒரு நோக்கு

மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848இல் தொடங்கிய பணி, மேலைத்தேய மருத்துவம் தமிழிற் கற்பிக்கப்பட்ட வரலாற்றின் முதன்மையான அத்தியாயமாகும். 1864 முதல் அங்கு தமிழே போதனா மொழியாயிற்று. ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ என்னும் நூற்பெயர்களே வடசொல்லும் ஒலிபெயர்ப்பும் கலந்த அவரது கலைச்சொல்லாக்கத்தைக் காட்டும். ஆயின், உறுப்புக்கும் மருந்துக்கும் பெயரிடுவதினும் கடினமானது, காதால் மட்டும் அறியப்படுவதற்குப் பெயரிடுதல். ஸ்ரெதஸ்கோப் வழியே கேட்கப்படும் பிறழ்வொலிகள் அத்தகையன.

1816இல் பாரிஸ் நகரில் லெனெக் என்பார் கடதாசியைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சிற் பொருத்திக் கேட்டார். கேட்ட ஒலிகளைப் பிரேத பரிசோதனையிற் கண்ட மாற்றங்களோடு ஒப்பிட்டு 1819இல் நூலாக்கினார். நெஞ்சொலிக்கு அவர் வழங்கிய ‘ரால்’ என்னும் பிரெஞ்சுச் சொல், சாகுந் தறுவாயிலுள்ளவரின் தொண்டையொலியையும் குறிக்கும். நோயாளி அஞ்சுவார் என்பதனால், அவர் முன்னிலையில் ‘ரொங்கஸ்’ என்னும் இலத்தீன் சொல்லை லெனெக் கையாண்டார். பின்வந்தோர் இவ்விரு சொற்களுக்கும் வெவ்வேறு பொருள் கற்பித்தமையால் நெடுங்காலம் குழப்பம் நிலவிற்று. பெயரிடுதலில் நோயாளியும் ஒரு தரப்பினர் என்பதை இது உணர்த்துகின்றது.

இவ்வொலிகளை அவை தோன்றும் விதங்கொண்டு வகுப்பதே பொருத்தமாகும். மூடிக்கிடந்த சிறு சுவாசக் குழல்கள் மூச்சை உள்ளிழுக்கையிற் சடுதியாகத் திறப்பதால் எழுவது நுண்ணிய நெரிவொலி. அது சில மில்லிசெக்கன்களே நீடிக்கும். ஒடுங்கிய குழலின் சுவர் காற்றோட்டத்தால் அதிர எழுவது, இசைபோல நீளும் சீழ்க்கையொலி. அழற்சியுற்ற சுவாசப்பைச் சவ்வுகள் ஒன்றோடொன்று தேய்வதால் எழுவது உராய்வொலி. இதயத்தில் இரத்தம் சுழித்தோடுவதால் எழுவது முணுமுணுப்பு. சிறுவரிடத்து இது நோயின்றியும் கேட்கலாம்.

இரட்டைக்கிளவி வளமுடைய தமிழில் ஒலிப்பெயர்களுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் வேறோரிடத்தில் உள்ளது. நம்மவர் வழக்கில் ‘இழுப்பு’ என்பது ஆஸ்துமா நோயையும் அதன் ஒலியையும் ஒருங்கே குறிக்கும். எனவே, ஒலி அடங்கியதும் நோயும் அடங்கிற்று என வீட்டார் கருதல் இயல்பே. உண்மையிலோ, கடும் ஆஸ்துமாவிற் குழல்கள் மிக ஒடுங்கிக் காற்றோட்டம் அற்றுப்போகும் நிலையிலும் சீழ்க்கையொலி மறையும். மூச்சுத்திணறல் நீடிக்க, பேசவும் இயலாது நோயாளி சோர்ந்திருப்பின், அந்த அமைதியே உயிராபத்தின் அறிகுறியாம்.

ஆகவே, நோயின் பெயரையும் குறியின் பெயரையும் பிரித்து வழங்குதல் வெறும் மொழித்தூய்மை பற்றியதன்று. இன்று மருத்துவர் இவ்வொலிகளை ஆங்கிலத்திற் கற்கின்றனர். நோயாளியோ தமிழில் அவற்றை அனுபவிக்கின்றார். இவ்விடைவெளியை நிரப்பும் சொற்களை ஆக்குவதே மானிப்பாய் மரபுக்கு நாம் ஆற்றவேண்டிய கடன் என்பது எமது துணிபு.