சக்கரம் பெரிதானால்

தெப்ராவ், மவுண்ட் ஆஸ்டின் என்பவை ரப்பர்த் தோட்டங்களின் பெயர்களாக விளங்கி, விடியுமுன்னே எழுந்து பால் வெட்டப் போன தமிழ்க் குடும்பங்களின் உழைப்பால் அறியப்பட்ட காலம் போய், இன்று அவை ஜொகூர் பாரு நகரத்தின் விரிந்த குடியிருப்புகளாகவும், கோத்தா திங்கியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் அமைந்த கடைவீதிகளாகவும் மாறிவிட்டன. மரத்திலிருந்து வடிந்த பால் இந்த மண்ணை விட்டு நீங்கினாலும், அந்தப் பாலின் முதிர்ந்த வடிவமாகிய டயர் மட்டும் இங்கே எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் சம்பளச் சேமிப்பில் ஒரு மைவி காரை வாங்கிய இளைஞன், அதற்கு அடுத்தபடியாக விரும்புவது பெரும்பாலும் ஸ்போர்ட் ரிம்தான். டயர் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியும், “தம்பி, எத்தனை இஞ்சு போடலாம்?” என்பதே.

அந்த ஆசையை நான் குறை கூற மாட்டேன். தன் பொருள் அழகாயிருக்க வேண்டுமென்று எண்ணுவது மனித இயல்பு. பெரிய சக்கரம் காருக்கு ஒரு கம்பீரத்தைத் தருகிறது என்பதும் மறுக்கவியலாதது. ஆனால் எத்தனை இஞ்சு என்ற அந்தக் கேள்வி பாதிக் கேள்வியே. மீதிப் பாதி டயரின் பக்கச் சுவரில் புடைத்த எழுத்துக்களாக அச்சிடப்பட்டிருந்தும், அதனை நின்று படிப்பவர் சிலரே என்பதுதான் என் ஆதங்கம்.

மைவியின் 1.5 லிட்டர் வண்டியில் 185/55 ஆர்15 என்று எழுதியிருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டர் கணக்கில். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். இம்மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் சக்கரத்தின் முழு விட்டம் ஏறத்தாழ 584 மில்லிமீட்டர் வருகிறது. அதே காரின் 1.3 லிட்டர் வண்டிக்குரிய 175/65 ஆர்14 டயரைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 583. ரிம் ஓர் இஞ்சு வளர்ந்திருக்கிறது, சக்கரமோ வளரவில்லை. வளர்ந்த உலோகத்துக்கு ஈடாக ரப்பர் குறைந்திருக்கிறது, அவ்வளவே. 16 இஞ்சு ரிம்முக்கு 195/45 டயரைப் பூட்டினாலும் விட்டம் 582க்கு அருகிலேயே நிற்கும். கைதேர்ந்த கடைக்காரர் இந்தக் கணக்கைப் பார்த்தே டயரை எடுத்துக் கொடுப்பார்.

கணக்குத் தவறும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. 205/45 ஆர்17 பூட்டினால் முழு விட்டம் 616 மில்லிமீட்டராகி, சுற்றளவு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடுகிறது. எஞ்சின் தரும் முறுக்கு விசை மாறாதிருக்க, அச்சிலிருந்து தரைக்குள்ள தூரம் மட்டும் நீண்டுவிடுவதால், தரையை உந்தித் தள்ளும் விசை அதே ஐந்து விழுக்காடு குறைந்துபோகிறது. சிறிய எஞ்சின் கொண்ட வண்டியில் நான்கு பேர் அமர்ந்து மேட்டில் ஏறும்போது இதனை ஓட்டுநரின் கால் உணரும். பிரேக்கின் விசையும் அதே நீளத்துக்கு எதிராகவே வேலை செய்ய வேண்டியிருப்பதால், முன்பு போதுமாயிருந்த மிதி இப்போது சற்றுப் போதாமற்போகும். வேகங்காட்டும் மீட்டரோ சக்கரம் எத்தனை தரம் சுழன்றது என்பதை மட்டுமே அறிந்த கருவி. பிழையற்ற மீட்டராகவே இருந்தாலும், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் வரம்பாகிய 110 கிலோமீட்டரை அது காட்டுகையில் கார் 116இல் போய்க்கொண்டிருக்கும். கடந்த தூரத்தையும் அது குறைத்தே எழுதும். ஆகையால், ரிம் மாற்றிய பின் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று மீட்டரைப் பார்த்துக் கணக்கிடுவோர், உண்மையில் கூடிய செலவோடு மீட்டரின் பிழையையும் சேர்த்தே பழி கூறுகிறார்கள்.

விட்டம் மாறாதபோதும் எடை மாறக்கூடும் என்பது அடுத்த விஷயம். சக்கரத்தின் வெளிவிளிம்பில் சேர்ந்த ஒரு கிலோ, காரோடு முன்னே செல்வதுடன் தானும் சுழல வேண்டியிருப்பதால், வேகமெடுக்கும் வேளையில் வண்டிக்குள் ஏற்றிய இரண்டு கிலோவுக்கு ஏறத்தாழ ஈடாகிறது. அஃதன்றி, சக்கரத்தின் எடையைச் சுருள்வில் தாங்குவதில்லை. அது மேடுபள்ளங்களின் மீது நேரே மோதி ஏறியிறங்குகிறது. விலை மலிந்த பெரிய வார்ப்பு ரிம்கள் பெரும்பாலும் கனமானவை. எடை குறைந்த பெரிய ரிம் கிடைக்காததன்று. ஆனால் அதன் விலை வேறு.

பெரிய ரிம்மினால் நன்மையே இல்லையென்று சொல்வது நேர்மையாகாது. பக்கச் சுவர் குட்டையாகும்போது டயர் வளைந்து நெளிவது குறைந்து, ஸ்டீரிங் திருப்பிய கணமே கார் திரும்புகிறது. ரிம்முக்குள் பெரிய பிரேக் தட்டு அமைவதற்கும் இடம் உண்டாகிறது. எனினும் வேகத்துக்கும் பெரிய ரிம்முக்கும் பிரிக்கவொண்ணாத சம்பந்தம் உண்டென்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. உலகிலேயே அதிவேகமான பந்தயக் கார்களில் அடங்கும் பார்முலா ஒன் வண்டிகள் 2021 வரை ஓடியது 13 இஞ்சு ரிம்மில். 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவுக்கும் அதே 13 இஞ்சுதான். பந்தய வண்டியின் உயர்ந்த பக்கச் சுவரே அதன் சுருள்வில்லின் வேலையில் பெரும்பகுதியைச் செய்தது. 2022இல் அவை 18 இஞ்சுக்கு மாறியபோது சக்கரங்களின் எடை கூடியதோடு, வண்டியைத் தாங்கும் அமைப்பையே புதிதாக வகுக்க வேண்டியதாயிற்று.

ஜொகூரில் நவம்பர் தொடங்கி வீசும் வடகிழக்குப் பருவக்காற்று மழையை நினைத்தால், அகலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டயர் தரையைத் தொடும் பரப்பு, அது சுமக்கும் பாரத்தையும் உள்ளிருக்கும் காற்றழுத்தத்தையும் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. நடுத்தரக் காரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அது ஓர் உள்ளங்கையளவே. டயரை அகலமாக்கினால் அந்தப் பரப்பு அதிகம் கூடுவதில்லை, நீளம் குறைந்து குறுக்கே விரிகிறது. உலர்ந்த சாலையின் வளைவில் அது நல்ல பிடிப்பைத் தரும். நீர் தேங்கிய சாலையிலோ, முன்னால் உள்ள நீரை ஒதுக்கித் தள்ள அகன்ற டயர் அதிகம் பாடுபட வேண்டியிருப்பதால், நீரின்மேல் எழும்பி வழுக்கும் அபாயம் முன்னதாகவே வருகிறது. 2013இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 என்னும் மின்சாரக் காரை வடிவமைத்தவர்கள், 19 இஞ்சு ரிம்மில் 155 மில்லிமீட்டர் அகலமே கொண்ட டயரை அமர்த்தினார்கள். உயர்ந்து மெலிந்த அந்தச் சக்கரம் எளிதாக உருண்டது. காற்றையும் குறைவாகவே எதிர்த்தது.

பக்கச் சுவரைப் பற்றி இன்னும் ஒன்று. டன்லப் பெல்பாஸ்ட் நகரில் காற்றடைத்த டயரை உருவாக்கிய அதே 1888ஆம் ஆண்டில்தான், நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பை ரிட்லி ஏற்றார். மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை அவர் பிரசித்தமாக்கிய பின்னரே மலாயாவில் தோட்டங்கள் பெருகின. ஓயாமல் வளைந்து நிமிர்ந்தும் அதிகம் சூடேறாத குணம் இயற்கை ரப்பருக்கு உண்டு என்பதால், டயரின் பக்கச் சுவர்க் கலவையில் இன்றும் அதற்கு இடமிருக்கிறது. நம் முன்னோர் வடித்த பாலின் அருமையை எங்கேனும் காண வேண்டுமானால், அந்த நெகிழும் சுவரில்தான் காண வேண்டும். அதனைக் குறுக்கக் குறுக்க, குழியின் அடியைத் தாங்கும் பொறுப்பு ரிம்மின் மேல் விழுகிறது. பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் போய்வரும் கனரக லாரிகள் உழுத சாலையில், மழைநீர் மூடிய குழியொன்றில் இறங்கிய சக்கரத்தைக் கழற்றி உட்புற விளிம்பைப் பாருங்கள்: விரற்கடை நீளத்துக்கு உள்நோக்கி மடங்கியிருக்கும். சில நாட்களில் பக்கச் சுவரில் முட்டையளவு ஒரு வீக்கம் தோன்றினால், உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். அந்த டயரை ஒட்டுப் போட்டு ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

ரிம் மாற்றத்தான் போகிறோம் என்போர், டயரின் முழு விட்டம் பழைய அளவுக்கு மிக நெருங்கியிருக்கிறதா, அளவுக்குப் பின்னால் அச்சிட்ட பார எண் பழையதற்குக் குறையாதிருக்கிறதா, ஸ்டீரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பும்போது டயர் உட்புறம் உரசாதிருக்கிறதா என்பவற்றைப் பணம் கொடுக்குமுன் கடையிலேயே பார்த்துவிடுவது நலம். சக்கரம் வண்டியின் உடலுக்கு வெளியே துருத்தி நின்றால் போக்குவரத்துத் துறையும் அதனை ஏற்காது. மூல அளவையும் காற்றழுத்தத்தையும் தேடி அலைய வேண்டியதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் அருகிலுள்ள தூணிலோ கதவின் விளிம்பிலோ ஒட்டியிருக்கும் சிறு தாளில் இரண்டும் இருக்கும்.