கள்ளும் கூட்டும்

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்பே 82இல் தீ நட்பையும் 83இல் கூடா நட்பையும் சொல்லிவிட்டார். இந்த வரிசையின் பொருத்தம் தோட்டப்புற வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு உடனே விளங்கும்.

ஆங்கிலேயர் காலத்தில் பல தோட்டங்களில் கள்ளுக்கடை உள்ளேயே இருந்தது. பால்மரம் வெட்டிப் பெற்ற கூலி மாலையில் அங்கே போய்ச் சேர்ந்தது. 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடும்படியும் தொழிலாளர்கள் கேட்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை, 1947இல் பீடோங் பகுதியில் கள்ளுக்கு எதிராகப் போராடியது. நம்மவரைத் திருத்த முன்வந்தவர்கள், அவர்களோடு மரம் வெட்டிய நம்மவர்களே.

ஆனால் கடை மூடினால் போதுமா? கள் போன இடத்தில் சம்சு வந்தது. குடிப்பவர் கள்ளை மட்டுமா தேடிப் போகிறார், உடன் உட்காருபவர்களையும்தானே! சம்பள நாளில் கூப்பிடும் கூட்டாளியிடம் "இல்லையப்பா" என்பதுதான் பெரும்பாடு. (முனியாண்டிக்கும் கள் படைத்துச் சாமியைச் சாட்சிக்கு இழுத்தோமே, அது வேறு!) மறுநாள் வகுப்பில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே முதல் நாள் இரவை நான் அறிந்ததுண்டு.

ஆகவே விட நினைப்பவருக்கு அறிவுரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அந்த மாலைக்கு ஒரு வேலை கொடுங்கள். அன்னதானத்துக்குக் காய் நறுக்க ஆலயத்தில் எப்போதும் ஆள் வேண்டும். பழைய கூட்டாளி தேடி வந்தால் வரட்டும், அவருக்கும் ஒரு கத்தி இருக்கிறது.